பதினாறு

ஞாயிறு இரவு ஒன்பது பத்து.
ரேடியேட்டர் மேல் வேலைக் கையுறைகள் காய்கின்றன.
ஆயிரத்து நூற்றிருபது பேர் உட்கார்ந்துவிட்டோம்,
ஒரு நாற்காலி இழுபடும் சத்தம்கூட இல்லாமல்.

ஆளுக்குப் பத்தாயிரம் சில்லுகள்.
கட்டாயப் பந்தயம் இருபத்தைந்தும் ஐம்பதும்.
இந்த ஒரு மணி நேரம்
எல்லோரும் பணக்காரர்கள்,
எல்லோருக்கும் கை அரிக்கும்.

எனக்கு வந்தவை
இஸ்பேட் ஜாக்கி, ஆர்ட்டின் ஜாக்கி.

ஏழும் இரண்டும் வந்திருந்தால்
வீசிவிட்டுத் தேநீர் போடப் போயிருப்பேன்.
இரண்டு ஏஸ் என்றால்
தேநீரே வேண்டாம்.
இவர்கள் மாப்பிள்ளைத் தோழர்கள்.
உடுப்பு பொருந்தும், நடை பொருந்தும்,
மாலை விழுவது மட்டும்
எப்போதும் பக்கத்துக் கழுத்தில்.

ஸ்வாவோமிர், எங்கள் இழுவைப் படகுக்காரன்,
ஜாக்கியைக் கண்டால் மொத்தத்தையும் நடுவில் தள்ளுவான்.
ஒன்பதே காலுக்குத் தூங்கப் போய்விடுவான்.
திங்கட்கிழமை முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது.

நான் நூற்றைம்பது வைத்தேன்.
'உப்புநத்தை' என்ற பெயரில் எங்கோ ஒருவர்
நானூற்றைம்பது என்றார்.
மற்றவர்கள் கலைந்தார்கள்.
திருப்பி ஏற்றலாம்.
ஏற்றினால் ஓட வேண்டியவர்கள் ஓடுவார்கள்,
ஓடக்கூடாதவர்கள்தான் நிற்பார்கள்.
சும்மா ஈடுகட்டினேன்.

கிளாவர் ஒன்பது. கிளாவர் ஆறு. டைமண்ட் நான்கு.
என் ஜாக்கிகளைவிட உயரமாக எதுவும் இல்லை
இந்த நிமிடம் வரை.
தட்டினேன். அவர் ஐந்நூறு. நானும் ஐந்நூறு.

டைமண்ட் ராணி.

தட்டினேன்.
ஆயிரத்து நானூறு, என்றது திரை.
பதினைந்து நொடி, பச்சைக் கோடு தேய்கிறது.

பகலில் நான் இருப்பது
க்தினியா துறைமுகத்தில், நாற்பத்திரண்டு மீட்டர் உயரத்தில்,
காலுக்குக் கீழே கண்ணாடி.
காற்று நொடிக்குப் பதினேழு மீட்டர் தொட்டால்
பெட்டியை இறக்கிவிட வேண்டும், விதி.
பதினேழு சுலபம்.
பதினேழை யாரும் கேள்வி கேட்பதில்லை.
பதினாறில்தான் கப்பல்காரன் ரேடியோவில் கத்துவான்,
பதினாறில்தான் கம்பி லேசாகப் பாடும்,
பதினாறில்தான்
கைப்பிடியில் இருப்பது என் கை.

கோடு மஞ்சளானது.
அவரிடம் ராணி இருக்கலாம். ராஜா ஜோடி இருக்கலாம்.
ஒன்றுமே இல்லாமல் கிளாவருக்குக் காத்திருக்கலாம்.
இன்னும் ஒன்பதாயிரத்து ஐம்பது இருக்கிறது,
இதில் வீரம் காட்ட என்ன அவசரம் என்றது ஒரு குரல்.
அப்படிச் சொல்லிச் சொல்லித்தான்
விவாகரத்துக்கு ஏழு வருஷம் எடுத்தாய் என்றது இன்னொன்று.

சிவப்பு.

மடக்கினேன்.

சில்லுகள் உப்புநத்தையிடம் நகர்ந்தன,
சின்னதாக ஒரு கிலுகிலுப்போடு,
அதையும் யாரோ ஸ்டுடியோவில் பதிந்திருப்பார்கள்.
சீட்டைக் காட்டவில்லை. ஏன் காட்ட வேண்டும்?
ஆட்டப் பதிவைத் திறந்து பார்த்தேன்.
அவர் இடத்தில் இரண்டு சாம்பல் நிற முதுகுகள்.

பயமா, கணக்கா என்று
மடக்கிய கைக்கு மட்டும்
கடைசிவரை தெரிவதில்லை.

பதினொன்று நாற்பதுக்கு வெளியேறினேன்.
ஏஸும் ராஜாவும் பிடித்து,
எல்லாவற்றையும் சரியாகச் செய்து,
ஒரு ஜோடி நாலிடம்.
இருநூற்று எட்டாவது இடம். பரிசு நூற்றறுபதோடு முடிகிறது.
அது வலிக்கவில்லை.
பல் தேய்க்கும்போதும்
அந்த ராணிதான்.

காலை ஆறு மணி. கையுறை காய்ந்து விறைத்திருக்கிறது.
கீழே ஸ்வாவோமிர் படகிலிருந்து கையாட்டுகிறான்,
நன்றாகத் தூங்கியவன்.
முதல் பெட்டி பாதி உயரத்தில்.
காற்றுமானியைப் பார்க்கிறேன்.

பதினைந்து புள்ளி ஒன்பது.